மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு

கல்லூரியில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே நர்ஸ். சுளுக்கு, காய்ச்சல், தேர்வுக்கு முதல் நாள் மயக்கம், எது வந்தாலும் பிள்ளைகள் ஓடி வருவது அவளிடம்தான். "இந்தப் புள்ளைங்களுக்கு இங்க அம்மா நான்தான்" என்று பீற்றிக்கொள்வாள். அப்படிப்பட்டவளின் பக்கத்து அறையில் ஒரு கவுன்சிலரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் வயிறு எரியுமா எரியாதா?

வந்தவளுக்கு முப்பது வயதுகூட இல்லை. யாராவது பாலியல் தொல்லை கொடுத்தால் பிள்ளைகள் அவளிடம் போய்ச் சொல்லலாமாம். ஊசி போடத் தெரியாது, ஒரு கட்டுப் போடத் தெரியாது. ஆனால் உள்ளே போகிற பெண் ஒரு மணி நேரத்துக்கு வெளியே வருவதில்லை. அப்படி என்னதான் பேசுவாளோ அந்த மேனாமினுக்கி!

இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. முதல் வாரமே கவுன்சிலர் வந்து கேட்டாள்: "அக்கா, இந்தக் கதவைத் திறந்து வச்சுக்கலாமா? என் அறைக்கு வர்றவங்களை வராண்டாவில எல்லாரும் பார்க்கிறாங்க. உங்ககிட்ட மாத்திரை வாங்க வர்ற மாதிரி வந்தா யாருக்கும் தெரியாது."

"என் ரூம் என்ன உங்களுக்கு நடைபாதையா?" என்றாள் ஊசியக்கா. அன்று மாலையே மருந்து அலமாரியைத் தள்ளி அந்தக் கதவை அடைத்துவிட்டாள்.

அந்த வருடம் வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளர் மேல் மூன்று பெண்கள் கவுன்சிலர் மூலமாகப் புகார் கொடுத்தார்கள். விசாரணை நடந்து ஆளை வேலையைவிட்டே அனுப்பினார்கள். முதல்வர் கூட்டம் போட்டுக் கவுன்சிலரைப் புகழோ புகழென்று புகழ்ந்தார். ஊசியக்காவுக்குக் கைதட்டக் கை எழவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

"நீ எத்தனை பேரைப் பார்த்தேன்னு எண்ணி எடுத்துட்டுப் போய் முதல்வர்கிட்ட காட்டேன்" என்று அவர் கிண்டலுக்குச் சொன்னார். இவள் மறுநாள் கல்லூரிக்குப் போய் நிஜமாகவே பழைய பதிவேடுகளை எடுத்துவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பெயர், வகுப்பு, காரணம். எண்ணிக்கொண்டே போனவள் நான்கு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டில் நின்றாள். ஒரே பெண், வேதியியல் இரண்டாம் ஆண்டு. காரணம், வயிற்று வலி. பதினோரு தடவை. பதினொன்றும் வியாழக்கிழமை.

வியாழக்கிழமைதான் அந்த வகுப்புக்கு ஆய்வகம். ஊசியக்காவுக்கு எல்லாம் நினைவு வந்தது. "வியாழக்கிழமை வந்தா வயித்துக்கு எப்படித்தான் தெரியுதோ! லேபுக்கு டிமிக்கி குடுக்க என்னமா நடிக்கிற!" என்று பெஞ்சில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் இவள்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பன்னிரண்டாவது தடவை அவள் வரவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுப் போய்விட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

ஊசியக்கா அழுதாள். அழுதும் பொறாமை போகவில்லை. அன்றைக்குப் பக்கத்து அறைக்காரி இருந்திருந்தால் அந்தப் பெண் அவளிடம் சொல்லியிருப்பாள் என்ற நினைப்பு இன்னும் அதிகமாக எரித்தது.

அடுத்த திங்கள்கிழமை ஒரு முதலாண்டுப் பெண் வந்தாள். "அக்கா, வயித்து வலி." பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

ஊசியக்கா மாத்திரை டப்பாவை எடுக்கவில்லை. வாசல் கதவைச் சாத்தினாள். "மாத்திரை வேணும்னா தர்றேன். வேற ஏதாவதுன்னா என்கிட்டதான் சொல்லணும்னு இல்ல. யார்கிட்ட சொன்னாலும் சரி, தப்பு உன்மேல இல்லம்மா."

"அந்த மேடத்தைப் பார்க்கணும்கா. வராண்டாவில அவனும் அவன் ஃப்ரெண்ட்ஸும் நிக்கிறாங்க."

அந்த மேடம்! என்னிடம் சொன்னால் ஆகாதா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அலமாரிக்குத் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பாட்டில்கள் கடகடவென்று ஆடின. நடுக்கதவைத் தட்டி, பெண்ணை உள்ளே அனுப்பிச் சாத்தினாள். பிறகு வாசலைத் திறந்துவிட்டு மேசைக்கு வந்து பதிவேட்டை விரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வராண்டாவில் நின்றவர்களில் ஒருவன் எட்டிப் பார்த்தான். "அவ எதுக்குக்கா இங்க வந்தா?"

ஊசியக்கா பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினாள். "வயித்து வலி. எழுதியிருக்கு பாரு. ஊசி போட்டுத் திரைக்குப் பின்னால படுக்க வச்சிருக்கேன். உள்ள வா, உனக்கும் ஒண்ணு போடறேன்."