அப்பா கேட்ட பாட்டு

கடையில் மகள் இரண்டு ஹெட்போன்களை எடுத்தாள். "இதில பேஸ் கூடவா இருக்கு, என்ர பாட்டுகளுக்குச் சரி. உங்கட பழைய பாட்டுகளுக்கு மற்றதைப் போட்டுப் பாருங்கோ." அதில் பாடகி மூச்செடுப்பதுகூடக் கேட்டது. சிறுவயதில், உப்புவெளி வீட்டில் அம்மா சமைக்கும் குசினி நினைவுக்கு வந்தது.

தலையில் அடிபட்டுக் கிடந்த அப்பாவால் சிறு சத்தத்தையும் தாங்க முடியவில்லை. பாட்டில்லாமல் சமைக்கத் தெரியாத அம்மா மாதக்கணக்காக ரேடியோவைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு றஹீமா மாமி, சவூதியிலிருந்து வந்த ஹெட்போனைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு தேங்காய் திருவிய அம்மா, தன்னை மறந்து உரக்கப் பாடத் தொடங்கினார். ரேடியோ கலக்காத அந்தக் குரலின் அழகை அன்றுதான் அறிந்தேன். ஆனாலும் பயந்து, தடுக்க ஓடினேன்.

அறைக்குள்ளிருந்து அப்பா சொன்னார்: "விடு பிள்ளை, அவ பாடட்டும்."

"எப்பிடி இருக்கு?" மகள் கேட்டாள்.

"இதையே எடுப்பம்," என்றேன்.