எண்ணெய் வைத்த தலையும் மரியாமா அக்காவும்

செய்தியை எனக்கு ஒருவரும் தொலைபேசியில் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை மகளின் தலைக்குப் பின்னலில் கொளுவுகிற செயற்கை மயிர்க் கற்றை வாங்க, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்குப் போனேன். நேசன் அண்ணையின் சலூன் கதவு பாதி இறக்கியிருந்தது, அதில் அச்சடித்த ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. எங்கள் கடைத்தெருவில் அப்படியான மரண அறிவித்தல்களுக்குக் குறைவில்லை. யாரோ ஊர்க்காரர் என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போனால், 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே மஞ்சள் தலைத்துணியோடு மரியாமா அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எதையும் இரண்டு தரம் வாசிக்கிற பழக்கம் உண்டு. அதை மூன்று தரம் வாசித்தேன்.

உள்ளே நேசன் அண்ணை ஒரு கதிரையில் சும்மா இருந்தார். அச்சடிக்கிறவன் வழக்கம்போலக் குத்துவிளக்குப் படம் போட்டுவிட்டானாம். அக்கா முஸ்லிம், விளக்கை எடு என்றதும் மெழுகுதிரி போட்டானாம். அதையும் எடுக்கச் சொன்னதும், "அப்ப இவ ஆர் அண்ணை?" என்று கேட்டானாம். "எங்கட ஆள்" என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார்.

எங்கள் கடைத்தெருவான ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் சாமான் வாங்குகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்காரி, ஃபுலானி இனத்தவர். நேசன் அண்ணையின் சலூனில் முன்பக்கம் எங்கள் ஆண்களுக்கு முடிவெட்டு, பின்பக்கம் மரியாமா அக்காவின் கதிரை. இருபது வருடம் எங்கள் கதைகளைக் கேட்டுக் கேட்டே தமிழ் படித்தவர். முதலில் படித்த சொல் 'ஓம்', இரண்டாவது 'உறைப்புக் காணாது', அதாவது காரம் போதாது, என்று அவரே சொல்லுவார். மீசைக்கு மை பூசியவர்களையும் மனைவிக்குத் தெரியாமல் மொட்டை அடிக்க வந்தவர்களையும் பின்பக்கத்திலிருந்தே தமிழில் ஏசி அனுப்புவார். "தலை உங்கட. வெளியில போனால் எங்கட பெயர்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வசனம். உங்களில் சிலரும் அதை வாங்கிக் கட்டியிருப்பீர்கள்.

என் கதை நாலு வருடத்துக்கு முந்தியது. என் மனைவி சில்வி கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்காரி, கறுப்பினத்தவர். எங்கள் மகள் ஜெனிக்கு நிறம் என்னுடையது, தலைமயிர் தாயுடையது. சுருள் என்றால் சும்மா சுருள் இல்லை, சீப்பு உள்ளே போனால் திரும்பி வர விலாசம் கேட்கும். அந்தத் தலையைப் பார்த்தது எப்போதும் சில்விதான். அவர் மெட்ரோப் படியில் சறுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது ஜெனியின் முதல் நன்மைக்கு, அதாவது கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்குகிற நாளுக்கு, பத்து நாள் இருந்தது.

தலைமயிர் ஒரு சின்ன விஷயமென்று நான் நினைத்தேன். ஜெனிக்கு அப்படியில்லை. ஒரு கலியாண வீட்டில், பொபினிப் புறநகரில் இருக்கிற என் மூத்த சகோதரி, பிலோ அக்கா, பிள்ளையின் தலையைத் தடவி, "என்ன தம்பி, தேங்காய்த் தும்பு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டார். ஆசையாகத் தடவித்தான் சொன்னார். நானும் சிரித்தேன். எங்களுக்கு வழமையாகப் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளைக்குத் தமிழ் விளங்காதென்று எப்படியோ நம்பியிருந்தோம். அன்றையிலிருந்து தமிழ் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் அவள் தொப்பிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டுதான் வந்தாள். தாயின் கை முறிந்ததும் தெளிவாகச் சொன்னாள்: தன் தலையில் ஃபுலானி பின்னல் இருந்தால் கோயிலுக்கு வருவாள், இல்லாவிட்டால் முதல் நன்மை வேண்டாம். பத்து நாளில் எனக்கு இரண்டு வேலை: பின்னல் வேண்டும், அதைவிட, அன்று நான் சிரித்த சிரிப்பைத் திருப்பி எடுக்க வேண்டும்.

மரியாமா அக்காவிடம் ஓடினேன். அவருக்கு விரல் மூட்டுகள் வீங்கி, பின்னுவதை அந்த வருடம்தான் விட்டிருந்தார். கற்றை விற்பார், மணி விற்பார், பேசுவார், அவ்வளவுதான். வேறு யாரையாவது காட்டிவிடுங்கோ என்று கேட்டேன். அவர் என் கைகளைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, உனக்கு விரல் இல்லையோ?"

"அக்கா, நான் குசினியில சமைக்கிறவன்."

"அதுதான். பத்தும் வேலை செய்யுது. என்ரைல நாலுதான் சொல்லுக் கேக்குது."

வேலை இதுதான் என்று விளங்கப்படுத்தினார். பிள்ளையின் சொந்த மயிரைத் தலையோடு ஒட்டி வரப்பு வரப்பாகப் பின்ன வேண்டும். முன்பக்கம் நெற்றி நடுவிலிருந்து ஒரு வரப்பு நேராகப் பின்னே போகும், அதற்கு இரண்டு பக்கமும் மற்றவை, காதடியில் ஒன்று மட்டும் முகத்துப் பக்கம் தொங்கும். பின்பக்க வரப்புகளுக்குள் ஒரு கொக்கி ஊசியை நுழைத்து, கடையில் பின்னியே விற்கிற கற்றையைக் கொளுவி இழுத்து, அதன் தலைப்பு வளையத்துக்குள்ளால் வாலை விட்டு இறுக்க வேண்டும். கேட்கும்போது சம்பல் அரைப்பது மாதிரி லேசாக இருந்தது. ஊசி நுனியில் திறந்து மூடுகிற நாக்கை மூடாமல் இழுத்தால் பிள்ளையின் மயிரும் சேர்ந்து வரும் என்றபோதுதான் எனக்குக் கழுத்து வியர்த்தது. முதலில் பிள்ளையில் கைவைக்காதே, நிலம் துடைக்கிற தும்புக்கட்டையில் பழகு என்று ஊசியைத் தந்து அனுப்பினார்.

நான் வேலை செய்கிற உணவகத்தில் புதுத் தும்புக்கட்டை ஒன்று இருந்தது. மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் அதை வாளியில் தலைகீழாக நிறுத்தி, ஐந்து நாள் பின்னினேன். ஒரு நாள் பெரிய சமையல்காரர் உள்ளே வந்து என்னையும் அதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளுக்கு என்ன பெயர் என்று கேட்டார். அதற்குப் பிறகு அதைத் தண்ணீரில் முக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. படமெடுத்து மரியாமா அக்காவுக்கு அனுப்பினேன். "தும்புக்கட்டைக்கு நோகாது. உன்ர மகளுக்கு நோகும். இன்னும் மெதுவா" என்று குரல் பதிவு வந்தது.

சனிக்கிழமை காலை தொடங்கினேன். அடுத்த நாள் பூசை. சில்வி கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தலை முழுகி வந்த ஜெனி என் முழங்கால்களுக்கு நடுவில் தலையணை போட்டு இருந்தாள். அப்போது நான் செய்த காரியத்தை எந்த யாழ்ப்பாணத்துத் தகப்பனும் செய்திருப்பான். தலை பின்னப் போகிறோம், முதலில் எண்ணெய் வைக்க வேண்டாமா? தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெந்நீரில் வைத்து உருக்கி, உச்சி குளிரக் குளிர வைத்துத் தேய்த்தேன். சொல்லித் தந்ததில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்த பெருமையும் இருந்தது. வரப்புகள் பளபளவென்று வந்தன. மத்தியானத்துக்குள் பின்பக்கம் நாற்பது கற்றை கொளுவிவிட்டேன். எழும்பித் தலையை ஆட்டிப் பார் என்றேன்.

ஆட்டினாள். பின்னல்கள் ஒவ்வொன்றாக வழுக்கி நிலத்தில் விழுந்தன. நெற்றி வரப்பு தானாக அவிழ்ந்து கண்ணுக்கு மேலே வந்தது. ஜெனி அழவில்லை. நிலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்த் தொப்பிச் சட்டையைப் போட்டு மூடிக்கொண்டு கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எங்கள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. நான் தொலைபேசியில் கூப்பிட்டு அரை மணித்தியாலத்தில் மரியாமா அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். நேராக ஜெனியிடம் போய், தொப்பிக்குள் ஒரு விரலை விட்டு எடுத்து மணந்து பார்த்தார்.

"தம்பி, பிள்ளையைப் பொரிக்கப் போறியோ?"

தொப்பிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் நல்ல சத்தம்.

எல்லாவற்றையும் அவிழ்த்தோம். இரண்டு தரம் ஷாம்பு போட்டுக் கழுவிக் காய வைத்தோம். அக்கா கதிரையில் இருந்து கைகளை மடியில் வைத்தார். நான் ஊசியை அவரிடம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை. அந்தப் பின்னேரம் முழுக்க அவர் ஒரு மயிரையும் தொடவில்லை. என்னோடு கதைத்ததும் குறைவு, கதைத்ததெல்லாம் ஜெனியோடுதான். "இறுக்கமெண்டால் சொல்லு. நீ சொன்னால் இவர் நிப்பாட்ட வேணும். தலைக்கு நீதான் முதலாளி" என்றார். ஜெனி அந்தப் பதவியை உடனே ஏற்றுக்கொண்டாள். முதல் அரை மணித்தியாலத்தில் என்னைப் பதினைந்து தரம் நிற்பாட்டினாள். அதில் பத்து சும்மா.

நெற்றி நடு வகிட்டை மூன்று தரம் எடுத்தேன். நாலாவது தரம் அக்கா ஒரு கண்ணை மூடி, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "ஓம்" என்றார். நெற்றிக் கரையில் இருக்கிற பூனை மயிரைப் பின்னலுக்குள் இழுக்காமல் விடவும், வரப்பை ஒரே அளவாகப் பிடிக்கவும், ஊசியைச் சாய்த்து நுழைக்கவும் அவர் வாயால் சொல்ல என் விரல் மெல்லக் கேட்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியால் வந்த சில்வி நடுவில் வாயைத் திறந்தார், அக்கா ஒரு பார்வையால் மூட வைத்தார். கடைசியில் பின்னல் நுனிகளைக் கொதிதண்ணீரில் முக்க வேண்டும், அப்போதுதான் அவிழாது. அதில் மட்டும் நான் ராசா. இருபது வருடம் குசினியில் வெந்த விரல், ஆவிக்குப் பயமில்லை. மணிகளையும் பொன்நிற வளையங்களையும் ஜெனியே எடுத்துத் தந்தாள், ஒரு வளையத்தை நெற்றி நடுவில் தொங்க விட்டேன். பின்னேரம் ஏழு மணிக்கு, கோடைகாலமென்பதால் வெளியில் இன்னும் நல்ல வெயிலோடு, முடிந்தது. கண்ணாடிக்கு முன்னால் அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஒன்றும் விழவில்லை. பிறகு வேண்டுமென்றே இன்னும் பலமாக ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் நற்கருணை வாங்கப் பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். கோயில் அமைதியாக இருந்தது, ஜெனியின் மணிகள் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் கலகலத்தன. தலையை அப்படி நிமிர்த்திக்கொண்டு எங்கள் ஆட்களுக்கு நடுவில் அவள் நடந்ததை நான் முன்பு கண்டதில்லை. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு கொடுக்கும்போது பிலோ அக்கா கிட்ட வந்து கனநேரம் பார்த்தார். நெற்றி நடுவில் தொங்கிய வளையத்தைத் தொட்டு, நெற்றிச்சுட்டி போல இருக்கிறதே, யார் கட்டியது என்று என்னைக் கேட்டார். நான் வாயெடுக்க முந்தி ஜெனி தமிழில் பதில் சொன்னாள்.

"அப்பா பின்னினது, மாமி. இது தும்பு இல்லை. என்ர தலைமயிர்."

பிலோ அக்காவின் முகம் சுருங்கி, பிறகு விரிந்தது. பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "மாமி பிழையாச் சொல்லிப்போட்டன், ராசாத்தி" என்றார். நானும் அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஜெனி என்னை யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்றாள். சாப்பாட்டுக்கு வந்திருந்த மரியாமா அக்கா இதையெல்லாம் பொரித்த றோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். பாராட்டு வருமென்று காத்திருந்த எனக்கு, "பின்னால ஒண்டு கோணல். கோயில்ல சனம் முழுக்க உன்ர பிள்ளைக்குப் பின்னாலதான் இருக்கும் எண்டு யோசிக்கேல்லையோ?" என்று கேட்டார். பிறகு றோல்ஸுக்கு உறைப்புக் காணாது என்றார்.

சில்வியின் கை சுகமாகிக் கனகாலம். ஆனாலும் ஜெனியின் தலை இன்றைக்கும் என்னிடம்தான். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. மரியாமா அக்காவின் உடலைக் கினிக்கு அனுப்ப முன் வைத்த பிரார்த்தனைக்குப் போக வேண்டுமென்றபோது, ஒழுங்கான தலையோடுதான் அங்கே போக வேண்டும் என்று அவளே சொன்னாள். நேசன் அண்ணை தந்த கற்றைகளைச் சனிக்கிழமை கொளுவி முடித்தேன்.

அடுத்த நாள் அங்கே மரியாமா அக்காவின் தங்கை ஜெனியைப் பக்கத்தில் இருத்தி, வகிடுகளின் மேல் விரலை ஓடவிட்டார். முன்னிருந்து பின்னே, பிறகு திரும்ப ஒருமுறை. நான் சுவரோடு நின்று பரீட்சை முடிவுக்குக் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் பரீட்சை முடிவுகள் நல்லபடி வந்ததில்லை. யார் பின்னியது என்று பிரெஞ்சில் கேட்டார். ஜெனி என்னைக் காட்டினாள். அந்த அம்மா என்னை, என் மொட்டைத் தலையை, என் கைகளைப் பார்த்துவிட்டு, அறையிலிருந்த மற்றப் பெண்களைக் கூப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக என் வேலையைப் பார்த்தார்கள். தங்கள் மொழியில் என்னவோ சொன்னார்கள். எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் ஒரு பின்னலையும் அவிழ்க்கவில்லை. ஃபுலானிப் பெண்கள் நிறைந்த அறையில் நான் பின்னிய தலை அப்படியே வெளியே வந்தது. எனக்கு இதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆறு கிழமைக்கு ஒரு தரம், நாலு மணித்தியாலம், என் பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததாலோ என்னவோ, பள்ளிக்கூடத்தில் நடந்தது, சிநேகிதிகளின் சண்டை, தனக்குள்ள பயம் எல்லாவற்றையும் சொல்லுகிறாள். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். மற்ற நாளில் கதவைச் சாத்திக்கொள்ளுகிற வயது. எங்கள் ஆட்களில் எத்தனை தகப்பன்மாருக்கு அப்படி நாலு மணித்தியாலம் கிடைத்திருக்கும்? எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை மரியாமா அக்கா தந்துவிட்டுப் போயிருக்கிறார்.