தீவுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவன்

கோபிசெட்டிபாளையத்து வேலுமணி அமெரிக்காவின் சான்டா கிளாராவில் பார்த்த வேலையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். மெஷினுக்கு இங்கிலீஷ் புரிய வைப்பதுதான் அவன் வேலை. அவன் பேசும் இங்கிலீஷ் புரியாமல் கடைக்காரன் முதல் பேங்க்காரி வரை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தக் கூத்து. தொண்ணூற்றேழில் எச்-ஒன் விசாவில் வந்து சேர்ந்தான். டென்டிஸ்ட் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஆபீஸ். டெலிபோனில் ஆள் பேசினால், எதிர்முனையில் கம்ப்யூட்டரே கேட்டுப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரைத்தான் அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மெஷினுக்குக் காது பழக வேண்டுமானால் ஆயிரக்கணக்கான பேர் பேசிய பதிவுகளை அதற்குள் போட வேண்டும். சேர்ந்த வாரம் ஆபீஸில் எல்லோரையும் பேச வைத்துப் பதிந்தார்கள். வேலுமணியும் ஒன்று முதல் பத்து வரை கணீரென்று சொன்னான். மறுநாள் அவன் பதிவை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டார்கள். அது சேர்ந்தால் மெஷின் குழம்பிப் போகுமாம். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்து வைத்தான். வேறென்ன செய்வது, விசா அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது!

அன்று முதல் வீட்டில் டிவி செய்திதான். வாசிப்பவர் வாயைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி உதட்டைக் குவித்து, நாக்கை மடித்துச் சொல்லிப் பழகினான். மனைவி மரகதத்துக்கு வேடிக்கையாக இருந்தது.

"ஏனுங்க, அந்த நியூஸ்காரன் தான் பேசிக்கிட்டு இருக்கறானே, நீங்க வேற எதுக்குங்க தொணைக்கு? வந்து இந்தத் தேங்காயத் துருவிக் குடுங்க."

ஒரு வருடத்தில் முகச்சுளிப்பு நின்றது. ஆபீஸில் எவனும் அவனை இரண்டாம் முறை கேட்கவில்லை. அதில் வேலுமணிக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூற்றொன்பதில் கம்பெனிக்கு ஒரு பெரிய கான்ட்ராக்ட் வந்தது. கிழக்குக் கரையில் கிராமத்துக் கிளினிக்குகள் பலவற்றைச் சேர்த்து நடத்தும் நிர்வாகம் ஒன்று. டாக்டரிடம் நேரம் வாங்க, தீர்ந்துபோன மருந்தை மறுபடி வாங்க, இனி எல்லோரும் மெஷினோடுதான் பேச வேண்டும். அந்த வட்டாரத்துப் பேச்சு அத்தனையும் மெஷினுக்குப் புரிய வேண்டும் என்பது நிபந்தனை. அதில்தான் மாரோ தீவு வந்து மாட்டிக்கொண்டது.

மாரோ என்பது கடலுக்குள் ஒரு திட்டு. முந்நூறு பேர் இருந்தால் அதிகம். எல்லோருக்கும் நண்டு பிடிக்கிற தொழில், எல்லோருக்குமாகச் சேர்த்து நாலைந்து குடும்பப் பெயர். முந்நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வம்சம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் தீவுக்குள்ளேயே. காற்றடித்தால் படகு வராது, குளிரில் கடல் உறைந்தாலும் வராது. வெளியாள் வந்து பேச்சைக் கலைக்காததால் பாட்டன் பூட்டன் பேசிய இங்கிலீஷ் அப்படியே வாயில் நின்றுவிட்டது. 'டைம்' என்பதை 'டோய்ம்' என்பார்கள். அதுவாவது பரவாயில்லை. முழு வாக்கியமாக அவர்கள் தங்களுக்குள் பேசினால் பக்கத்து ஊர் அமெரிக்கனே திருதிருவென்று விழிப்பான்.

தீவின் போஸ்ட் ஆபீஸை நடத்தியவள் மிஸ் ஓனா. அறுபதைத் தாண்டிய விதவை, ஆனாலும் தீவில் எல்லோருக்கும் அவள் மிஸ் ஓனாதான். குரல் சேகரிக்கும் பொறுப்பை அவள்தான் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சர்ச் ஹாலில் இருந்த ஒற்றை டெலிபோன் முன்னால் தீவையே வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவராகக் கம்பெனி எண்ணுக்குப் பேச வைத்தாள். நண்டுப் படகிலிருந்து ஈரக் காலோடு வந்து பேசியவர்கள்கூட உண்டு.

முதல் தடவை அவளோடு பேசியபோது வேலுமணிக்குப் பாதிதான் புரிந்தது. திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் கோபப்படவில்லை, கலகலவென்று சிரித்தாள்.

"பரவால்ல ஹனி, இங்க வர்ற எல்லாரும் அப்படித்தான். உன் மெஷினுக்காவது எங்களப் புரியுமா?"

"புரியும் மேடம். அதுக்குத்தானே உங்க குரலெல்லாம் வாங்கறோம்."

சொன்னதென்னவோ மனசாரத்தான். சிக்கல் பிறகு வந்தது. தீவுக்காரர் குரல்களைச் சேர்த்ததும் மெஷின் மற்றவர்கள் பேச்சிலும் தடுமாற ஆரம்பித்தது. தீவுக்கென்று தனியாக ஒரு காது செய்யலாம். ஆனால் அதற்கு மேலும் சில வாரங்கள் வேண்டும், கிளினிக்காரர்களுக்கு மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டிய டெமோவோ தலைக்கு மேல் நின்றது. இரண்டாயிரம் வசந்தத்தில் சிலிக்கான் வேலியில் கம்பெனிகள் பொசுக்கு பொசுக்கென்று மூடிக்கொண்டிருந்தன. டெமோ ஊற்றிக்கொண்டால் கம்பெனி இல்லை, கம்பெனி இல்லையென்றால் விசா இல்லை, மரகதத்துக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

கேட்டிருக்கலாம். மேனேஜர் சுந்தரராமன் ஒன்றும் கடித்துக் குதறும் ஆள் இல்லை. தீவை விட்டுவிடலாமா, நாள் தள்ளிப் போடலாமா என்று நேராகக் கேட்டிருந்தால் கிளினிக் நிர்வாகத்துக்காவது விஷயம் தெரிந்திருக்கும். வேலுமணி கேட்கவில்லை. தீவின் பதிவுகள் அத்தனைக்கும் 'இரைச்சல், லைன் மோசம்' என்று குறித்து ஓரங்கட்டிவிட்டான். லைனுக்கு ஒரு குறையும் இல்லை.

"வேலு, அந்த ஐலண்ட் டேட்டா என்னாச்சு?" என்று சுந்தரராமன் நடையில் கேட்டார்.

"நாய்ஸ் ஜாஸ்தி சுந்தர். யூஸ் பண்ற மாதிரி இருக்கறத எடுத்துக்கிட்டேன்."

"குட், குட்," என்று அவர் போய்விட்டார். எடுத்துக்கொண்டதாவது, மண்ணாவது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

டெமோ அமோகம். அடுத்த வாரமே மிஸ் ஓனா போன் செய்தாள். "எங்களக் கத்துக்கிச்சா உன் மெஷின்?" என்று ஒரு குழந்தையின் பள்ளிக்கூடத்தை விசாரிப்பது போல ஆவலாகக் கேட்டாள். உண்மை நுனி நாக்கு வரைக்கும் வந்தது. "கத்துக்கிட்டே இருக்குதுங்க மேடம்," என்றான் வேலுமணி. தீவின் நன்றியாக ஒரு கேக் பார்சலில் வந்தது. மெல்லிய அடுக்குகளாகச் சுட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சாக்லேட் பாகு தடவியிருந்தார்கள். ஆபீஸே ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டு போயிற்று. வேலுமணி தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் மரகதத்திடம் கொடுத்துவிட்டு, வயிறு சரியில்லை என்றான்.

அந்தக் குளிர்காலத்தில் வினை வெளியே வந்தது. கிளினிக்கில் தீவுக்காரர்களைக் குரலை வைத்தே இன்னார் என்று சொல்லும் ரிசப்ஷன்காரி இருந்தாள். மெஷின் வந்ததும் அவளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷின் கேட்கும் பேச்செல்லாம் பதிவாகும், அவற்றைக் கேட்டுக் குறை பார்ப்பதும் வேலுமணியின் வேலைதான். ஒரு நாள் காலை ஹெட்போனில் ஒரு கிழவர் குரல் வந்தது. தீர்ந்துபோன இன்சுலினைக் கேட்கிறார். மன்னிக்கவும், புரியவில்லை என்கிறது மெஷின். மறுபடி சொல்கிறார். மன்னிக்கவும். கத்திச் சொல்கிறார், கெஞ்சிச் சொல்கிறார், கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்துவிடுகிறார். வேலுமணி ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

மத்தியானமே மிஸ் ஓனாவின் போன். எல்வுட் என்கிற அந்தக் கிழவர் மயங்கி விழுந்து, பனிக்கட்டிக்கு நடுவே படகு விட்டுக் கரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிழைத்துவிட்டார்.

"உன் மெஷின் எங்கள இன்னும் சரியாக் கத்துக்கல போலிருக்கு ஹனி. நாங்க என்ன செய்யணும்னு சொல்லு. செய்யறோம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். என்ன செய்யணும் என்று கேட்டுவிட்டாள் பாவி மனுஷி. அந்த நொடியில் கிளினிக்குக்குப் போன் போட்டு ரிசப்ஷன்காரியைத் திரும்ப உட்கார வைக்கச் சொல்லியிருக்கலாம். நடந்ததைச் சுந்தரராமனிடம் கொட்டியிருக்கலாம். கிரீன் கார்டு பேப்பர் அப்போதுதான் வக்கீல் கைக்குப் போயிருந்தது. வேலுமணி வேறொன்று செய்தான். தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை அவளுக்கும் சொன்னான்.

"அது கத்துக்கற வரைக்கும் நீங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க மேடம். டிவில நியூஸ் வாசிக்கறவங்க பேசுவாங்கல்ல, அதே மாதிரி சொல்லிப் பாருங்க. நானும் அப்படித்தான் பழகினேன்."

அதோடு விட்டானா? உதட்டை எங்கே குவிக்க வேண்டும், எதை நீட்டக் கூடாது என்று வாரா வாரம் போனிலேயே வகுப்பெடுத்தான். கோபியிலிருந்து வந்தவன், அமெரிக்காவே பிறக்காத காலத்திலிருந்து இங்கிலீஷ் பேசும் வம்சத்துக்கு! அவளும் சொன்னதைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். புதன்கிழமைகளில் சர்ச் ஹாலில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். உதவி செய்கிறோம் என்றுதான் வேலுமணி அப்போது நினைத்தான். அந்தச் சில மாதங்கள் அவனுக்கு நன்றாகத் தூக்கம்கூட வந்தது.

இரண்டாயிரத்தொன்று கோடையில் சுந்தரராமன் ஒரு வரைபடத்தோடு வந்து அவன் தோளில் தட்டினார். "வேலு, உங்க ஐலண்ட் ஃபிக்ஸ் சூப்பரா வொர்க் ஆகுது! எரர் ரேட் பாருங்க, மெயின்லேண்ட் லெவலுக்கு வந்துடுச்சு. கஸ்டமர் செம ஹேப்பி."

வேலுமணி எந்த ஃபிக்ஸும் செய்யவில்லை. மெஷினில் ஒரு வரி மாறவில்லை. அவசர அவசரமாகத் தீவின் பதிவுகளை எடுத்துக் கேட்டான். குளிர்காலத்தில் 'டோய்ம்' என்றவர்கள் வசந்தத்தில் திக்கித் திக்கி 'டைம்' என்றார்கள். கோடையில் திக்கல்கூட இல்லை. பல அழைப்புகளில் பெரியவர்களே பேசவில்லை. பின்னால் கிழக்குரல் ஒன்று ஏதோ முணுமுணுக்க, முன்னால் ஒரு சிறுமி டிவிப் பெண்ணைப் போல அழகாக, வழவழவென்று மெஷினுக்கு எடுத்துச் சொன்னாள். எல்வுட்டின் குரல் ஒரு பதிவிலும் இல்லை.

மறுநாள் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். கிளினிக் தலைமை ஆபீஸிலிருந்து யாரோ என்று நினைத்து வேலுமணி மரியாதையாக விசாரித்தான்.

"என்னைத் தெரியலையா? ஓனா பேசறேன்! பாத்தியா, உனக்கே தெரியல!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உனக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். நாங்க பாதி வழி வந்தோம், உன் மெஷின் பாதி வழி வந்துடுச்சு. இப்பல்லாம் ஒரே தடவைல புரிஞ்சுக்குது. என் பேரன் வீட்லயும் இப்படித்தான் பேசறான். சாப்பாட்டு மேஜைல என்னத் திருத்தறான்னா பாத்துக்கோ. எல்வுட் மட்டும் ஒத்துக்கல. அந்தச் சனியன் மெஷினோட நான் பேச மாட்டேன்ங்கறான். அவனுக்கும் சேத்து நான்தான் பேசறேன்."

ஒரு சொல் விடாமல் வேலுமணிக்குப் புரிந்தது. அதுதான் அவனைக் கொன்றது. சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று வைத்துவிட்டான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு அறுத்தது. சனிக்கிழமை காலை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காபி ஆற்றிய மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். இரைச்சல் என்று எழுதியது, பொய் சொன்னது, வகுப்பெடுத்தது, எதையும் விடவில்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அந்தம்மா அனுப்புன கேக்க நான்தானுங்க உக்காந்து தின்னேன்! மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"பயம் மரகதம். வேலை போயிருமேன்னு பயம்."

"பயம் நமக்குச் செரி. அவிய என்னங்க பண்ணுனாங்க? அவிய ஊர்ல அவிய பேசறதுக்கு நாம யாருங்க கொறை சொல்றதுக்கு? போனை எடுங்க. இப்பவே சொல்லிப்போடுங்க."

எடுத்தான். மிஸ் ஓனா அதே டிவிக் குரலில் குதூகலமாகப் பேசினாள். வேலுமணி சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், நான் பொய் சொன்னேன். உங்க யாரோட குரலும் மெஷினுக்குள்ள போகல. நான்தான் போட வேண்டாம்னு தள்ளி வெச்சேன். அது பாதி வழி வரல. ஒரு அடிகூட வரல. நீங்கதான் முழுத் தூரமும் வந்தீங்க. எல்வுட் மயங்கி விழுந்ததும் என்னாலதான். திங்கக்கிழம எங்க ஆபீஸ்லயும் கிளினிக்லயும் சொல்லிடறேன். என் வேலை போனாலும் போகட்டும்."

அவள் பேசினாள். வாரா வாரம் அவன் சொல்லிக்கொடுத்த பேச்சு அதில் ஒரு துளி இல்லை. எல்வுட்டிடமும் செத்துப்போன புருஷனிடமும் பேசியிருப்பாளே, அந்தத் தீவுப் பேச்சு, கடகடவென்று, வளைந்து, இழுபட்டு, நடுவில் ஓர் இடத்தில் உடைந்து, மறுபடி எழுந்து, நிதானமாக முடிந்தது. சாபமா, மன்னிப்பா, கேள்வியா, அவனுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவளிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்கிற யோக்கியதை போய்விட்டதென்று அவனுக்கே தெரிந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

"என்னங்க சொன்னாங்க?" என்று மரகதம் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"தெரியல மரகதம்," என்றான் வேலுமணி. "ஒரு வார்த்தைகூடப் புரியல."