எங்கள் செவலை பாய்ந்த ஞாயிற்றுக்கிழமை

குதிரை ஓடுவது வேறு, பாய்வது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் இப்போது குதிரை வண்டி ரேஸ் என்று செல்போனில் படம் எடுத்துப் போடுகிறார்கள். போன வாரம் என் மகன் ஒன்றை அனுப்பியிருந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலைந்து வண்டிகள், இரண்டு பக்கமும் பைக்குகள், காதைக் கிழிக்கும் ஹாரன், வாயில் நுரை தள்ளப் பாயும் குதிரைகள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருந்தான். எல்லாரும் அவுட் என்று பதில் போட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனேன்.

நான் மயிலாப்பூர் ஜட்காக்காரர் மகள். இப்போது அடையாறில் மூன்றாவது மாடியில் இருந்தாலும் அது மாறிவிடாது. எண்பதுகளில் கால்வாய்க் கரையில் எங்கள் வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, அதில் எங்கள் பெண் குதிரை செவலை. வாரம் முழுக்க அது மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டை இழுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரேஸ் வண்டியில் பூட்டினால் வேறு குதிரையாகிவிடும். காது முன்னால் வந்து நிற்கும்.

ரேஸ் என்றால் ஓட்டம்தான். ஓட்டத்தில் குதிரை ஒரு முன்னங்காலையும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலையும் சேர்த்து எடுத்து வைக்கும். தார் ரோட்டில் டக் டக் என்று சீராகக் கேட்கும். வண்டியில் இருப்பவர் மடியில் டீ கிளாஸ் வைத்தாலும் சிந்தாது என்று நைனா பெருமை அடிப்பார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பாய்ச்சலில் அந்தச் சீர் குலையும், வண்டி முன்னும் பின்னும் ஆடும். பாய்ந்த குதிரை அவுட். முதலில் வந்தாலும் அவுட்தான். பாயத் துடிக்கிற குதிரையை ஓட்டத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு வேகம் எடுப்பதில்தான் ஓட்டுகிறவரின் கை தெரியும். இதைப் புரியவைக்க நான் பல கல்யாண வீடுகளில் சாப்பாட்டை ஆறவிட்டிருக்கிறேன்.

எப்பேர்ப்பட்ட குதிரைகள் இருந்தன அந்த ரோட்டில்! சைதாப்பேட்டைக் கறுப்பு ஒன்று, டீக்கடையைக் கண்டால் நின்றுவிடும். தட்டில் ஊற்றி ஆற்றிய டீயைக் குடித்த பிறகுதான் நகரும். ரேஸ் வழியில் டீக்கடை திறந்திருக்கக் கூடாது என்று அதன் சொந்தக்காரர் முதல் நாளே கடைக்காரர்களிடம் கெஞ்சிவிட்டு வருவார். மந்தைவெளியில் ஒருவர், ரேஸ் முழுக்கக் குதிரையைத் திட்டிக்கொண்டே ஓட்டுவார். அவர் வாயை மூடினால் அது நின்றுவிடும். எல்லாரிலும் பெரியவர் ராயப்பேட்டை வெள்ளைக் குதிரைக்காரர். நாங்கள் சாச்சா என்போம். சாட்டையே கையில் எடுக்க மாட்டார், குதிரையிடம் உருதுவில் ரகசியம் பேசுவார். என் நைனாவைத் தோற்கடிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே நைனாவுக்கு அவர் மேல் மரியாதை, அதனாலேயே வயிற்றெரிச்சலும்.

குதிரை பாய்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வண்டிகளோடு கூடவே வருவார். கண் முழுக்கக் கால்கள் மேல் இருக்கும். பாய்ந்தால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் தூக்கியதுதான், இறக்க முடியாது. அந்த வேலையை அந்த வருஷங்களில் செய்தவர் மந்தைவெளியில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். மனிதர் சிரிக்கவே காசு கேட்பார் போலிருப்பார். தன் சொந்த அண்ணனுக்கே ஒரு தடவை அவுட் கொடுத்திருந்தார். பொங்கலுக்குக்கூட அந்த அண்ணன் வீட்டில் அவருக்குச் சோறு போடவில்லை என்று கேள்வி.

அந்த மனிதரைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. நான் அப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் பார்த்து, பேசி, ஆறு மாதம் போயிருக்கும். ஒரு நாள் நேராகக் கொட்டகைக்கு வந்து, லாடத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்த நைனாவிடம் பெண் கேட்டுவிட்டார். நான் கொள்ளு வேகிற அடுப்புக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நைனா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குடுக்கறேன். கப்பு ரேஸ் முடியட்டும், தட்டு எடுத்துக்கினு வா," என்றார்.

அவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிற ஆளில்லையே என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தோன்றவில்லை.

கப்பு ரேஸ் செவலைக்கும் வெள்ளைக்கும்தான். கால் பார்க்க யார் என்று பேச்சு வந்தபோது, மருமகனாகப் போகிறவன் எப்படிப் பார்ப்பான் என்று ராயப்பேட்டை ஆட்கள் சத்தம் போட்டார்கள். நைனா, அவன்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் சாச்சாவே கையமர்த்தினார்.

"அவனே பாக்கட்டும்பா. அவங்க அம்மா ஓட்டினாகூட, பாஞ்சா கை தூக்கற ஆளு அவன்."

எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

நேப்பியர் பாலத்துப் பக்கம் கிளம்பிக் கலங்கரை விளக்கத்தில் முடிவு. கிளம்புவதற்கு முன் வழக்கப்படி இரண்டு பக்கத்துக்காரர்களும் எதிர்க் குதிரையின் கால்களைத் தூக்கிப் பார்த்துத் தட்டிக்கொடுத்தார்கள். செவலையின் கால்களைச் சாச்சாதான் பார்த்தார். நான் அதற்குள் முடிவிடத்துக்கு வந்துவிட்டேன். கூடை வைத்துக்கொண்டு நொச்சிக்குப்பத்து மீன்காரப் பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். கடலில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முதலில் பைக் சத்தம், பிறகு அந்த டக் டக்.

செவலை அரை வண்டி முன்னால் வந்தது. வெள்ளை நெருங்கிக்கொண்டே இருந்தது. நைனா கையை ஓங்கி ஏதோ கத்தினார். எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார். நான் குதித்தேன். குதித்த பிறகுதான் பார்த்தேன், பைக்கில் பின்னால் இருந்தவர் கையைத் தூக்கியிருந்தார்.

நான் செவலையின் காலைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. நைனாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக இருந்தது அந்த முகம்.

பிறகு நடந்தது பெரிய ரகளை. பொய் சொல்கிறான், ராயப்பேட்டைக்காரனிடம் ஏதோ வாங்கிவிட்டான் என்று நைனா சட்டையைப் பிடித்தார். மெக்கானிக் சட்டையைக் கொடுத்துவிட்டு நின்றார். "பாஞ்சுது," என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. கப்பு யாருக்கும் தரப்படாமல் மார்க்கெட் வண்டி ஸ்டாண்டில் டீக்கடை அலமாரிக்குப் போனது. பெண் கிடையாது, தட்டோடு வந்தால் தட்டு கால்வாயில் மிதக்கும் என்று நைனா ஊர் கேட்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து செவலையைக் கழுவினேன். முன்னங்கால் குதியில் கை பட்டதும் அது காலை இழுத்துக்கொண்டது. குனிந்து பார்த்தால் பிறை மாதிரி ஒரு வெட்டு. பழக்குகிற காலத்தில் ஓட்டம் குலைந்து பாயும்போதெல்லாம் பின்னங்கால் லாடம் அதே இடத்தில்தான் வெட்டும். ஓட்டத்தில் ஒரு நாளும் அதற்குக் கால் இடித்ததில்லை. நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆணி கிழிச்சிருக்கும்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நைனா, பாஞ்சுதா இல்லியா? வண்டி ஆடியிருக்குமே, உனக்குத் தெரியாதா?"

"பாஞ்சா இன்னா? நாலு எட்டு. கண்டுக்காம வுட்டிருந்தா அவனுக்கு இன்னா கொறஞ்சுடும்? பின்ன எதுக்கு உன்னைக் குடுக்கறேன்னு சொன்னேன்?"

வாளியை உதைத்தேன். தண்ணீர் கொட்டகை முழுக்க ஓடியது.

"அப்போ கப்புக்கு என்னை வெச்சு ஆடினியா நீ?"

நைனா வெளியே போய் பீடி பற்றவைத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. அழுகையும் வந்தது, மறைப்பானேன்.

மறுநாள் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் மெக்கானிக்கைப் பிடித்தேன். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டிகள் வரவில்லை, டீக்கடையில் அவருக்கு டீ போட மறுக்கிறார்கள் என்று அதற்குள் காதில் விழுந்திருந்தது. ஊருக்கே பொய்யனாகியிருந்தார். புண்ணைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"நெசமா பாஞ்சுதா?"

"பாஞ்சுது."

"கை தூக்கினா நான் கெடைக்க மாட்டேன்னு தெரியும் இல்ல?"

"தூக்கறப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்யா தூக்கின?"

"பாஞ்சுதே," என்றார், நான் ஏதோ பைத்தியக்காரத்தனமாகக் கேட்டுவிட்டது போல.

ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது. ஆனால் பஸ்ஸில் தி.நகர் போய்ச் சேருவதற்குள் எனக்கு இரண்டு விஷயம் தெளிவாகிவிட்டது. கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது. அதைவிட முக்கியம், என்னைத் தருவதும் மறுப்பதும் இனி நைனா கையில் இல்லை. நைனாவை ஊர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டியிருக்குமே என்று இரண்டு நாள் தவித்தேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மூன்றாம் நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

செவலையை வண்டியில் பூட்டவில்லை, புண் ஆறவில்லையே. கயிற்றைப் பிடித்துக் கச்சேரி ரோடு வழியாக நடத்திக்கொண்டு போனேன். ரேஸ் குதிரையை நைனாவைத் தவிர யாரும் தெருவில் பிடித்துப் போனதில்லை. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்தேன். வண்டி ஸ்டாண்டில் எல்லாரும் இருந்தார்கள். கப்பு விஷயம் பேசச் சாச்சாவும் வந்திருந்தார்.

"இன்னாடி இது? அதை எங்க இஸ்துக்கினு வர?" என்று நைனா எழுந்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. சாச்சாவுக்கு நேராகப் போய் நின்று, செவலையின் முன்னங்காலை மடக்கித் தூக்கிப் பிடித்தேன்.

"சாச்சா, கெளம்பறப்ப நீங்கதான் காலைப் பாத்தீங்க. இது அப்ப இருந்துச்சா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் தொடாமல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் குதிரைக்காரர்கள். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நைனா பக்கத்தில் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். காலை விடவில்லை. அவர் மண்டி போட்டு, செவலையின் காலை என் கையிலிருந்து வாங்கித் தன் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

"மஞ்சா வெச்சியா?"

"வெச்சேன். நீ கிட்டயே வரலியே."

"வந்தா மூஞ்சியைப் பாக்கணுமே," என்றார். செவலை முகத்தையா, என் முகத்தையா என்று அவர் சொல்லவில்லை. காலை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு எழுந்து, அலமாரியிலிருந்து கப்பை எடுத்துச் சாச்சா கையில் கொடுத்தார். "பாஞ்சுது சாச்சா. எனக்கு அப்பவே தெரியும்."

சாச்சா அவர் தோளில் கை போட்டார். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நைனா கூடவே வந்துகொண்டிருந்தார். கயிற்றைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளே இல்லை. கிரீஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். குதிரை, நான், நைனா என்று வரிசையாக நிற்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் தட்டு எடுத்துக்கினு எப்ப வரட்டும்?" என்று நைனாவிடம் கேட்டார்.

நைனா தலையை ஆட்டினார்.

"என்னை ஏன்பா கேக்கற? கயிறு அவ கைல கீது. அவளைக் கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இத்தனை நாள் என்னை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் காத்திருந்தால் என்ன?

"மொதல்ல குதிரைக்குக் கால் ஆறட்டும்," என்றேன். "அப்புறம் சொல்றேன்."

ஆறும் வரை தினமும் சாயங்காலம் அவர் கொட்டகைக்கு வந்து செவலையின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.