ஐந்தாவது மாடியின் பச்சை விளக்கு

ஐந்தாவது மாடிக்குப் போகும் அலாரம் ஒயரை வெட்டச் சொன்னது நீங்கள்தான், மேனேஜர். எலி கடித்துவிட்டது என்றீர்கள். எலி கடித்த ஒயரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிய்ந்து, பல் பட்டுக் கிடக்கும். இது கட்டர் போட்டு நேராக நறுக்கியது.

படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய தீ அலாரங்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மதுரையில் லாட்ஜ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று எங்கே பழைய பேனல் காரணமில்லாமல் அலறினாலும் என் ஸ்கூட்டர் போய் நிற்கும். இந்த மேனேஜர் இருப்பது ஒரு ஜவுளிக்கடையில். நான்கு மாடி நிறையத் துணி. அதற்கு மேல், ஐந்தாவது மாடியில், கடையில் வேலை பார்க்கும் பெண்கள் தங்குகிறார்கள். அவர்கள் படுத்ததும் கடை ஆட்கள் மாடிப்படியின் கிரில் கதவைப் பூட்டி, சாவியைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாம். மேலே புகை கிளம்பினால் வாட்ச்மேனுக்குத் தெரிய அந்த மணியை விட்டால் வேறு வழி கிடையாது.

அந்த மாடிக்கு ஆண்கள் போகக் கூடாது. அதனால் எனக்கு முன்னால் சர்வீசுக்கு வந்தவர்கள் பில் போடும் மேஜைக்குப் பக்கத்தில், மாடிக்கொரு விளக்கோடு இருக்கும் பேனலை மட்டும் பார்த்தார்கள். ஐந்தாவது மாடிக்கும் பச்சை எரியும். காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பெண் என்பதால் என்னை மேலே விட்டார்கள். அதுதான் நீங்கள் செய்த தவறு, மேனேஜர்.

மேலே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் டிடெக்டர் ஒவ்வொன்றிலும் சேலை வைக்கும் பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"யாரு பாத்த வேலை இது?"

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்.

"நாங்கதான்க்கா. வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்திட்டு முடி காயச் சாம்பிராணி போட்டோம். அம்புட்டுத்தான். கீழ மணி அடிச்சு, கல்யாண ஜவுளி எடுக்க வந்தவுக பூராம் ரோட்டுக்கு ஓடிட்டாக. மேனேஜர் சாரு எங்கள அன்னைக்குப் பூராம் நிக்க வச்சு வஞ்சாரு. இன்னொருக்க அடிச்சா வேலை போயிரும்னாரு."

"சரி, நெசமாவே தீப் புடிச்சா?"

"கவரப் பிச்சு எறிஞ்சிருவோம்ல!"

"ஆமா, இவ ஒசரத்துக்கு ஸ்டூலத் தேடுறதுக்குள்ள விடிஞ்சிரும்க்கா" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கீழே வந்து பேனலைத் திறந்தேன். சிரிப்பு போய்விட்டது. ஒரு மாடிக்குப் போகும் ஒயர் அறுந்தால் பேனலில் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஒயரின் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும்; அது தெரிகிறவரை பேனல் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்ளும். அந்த ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே முறுக்கி வைத்திருந்தார்கள். மேலே போகும் ஒயர் நறுக்கிக் கிடக்கிறது, கீழே பச்சை. மேலே அந்தப் பிள்ளைகளோ செத்துப்போன மணிக்குப் பயந்து கவர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களிடம் வந்து கேட்டேன். எலிக் கதைக்குப் பிறகு, "அது பழைய பேனலும்மா, பார்ட்ஸே கெடைக்காது" என்றீர்கள். டிடெக்டர்களும் பாதிக்கு மேல் செத்துத்தான் இருந்தன. அந்த அலாரத்தைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன். "அந்த மாடலை நிறுத்தியாச்சு மேடம், எல்லாத்தையும் புதுசா மாத்திருங்க" என்றார்கள். முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றீர்கள். அவர்கள் பழையதை விற்க மாட்டார்கள், நீங்கள் புதியதை வாங்க மாட்டீர்கள். நடுவில் கிரில் கதவுக்குப் பின்னால் படுத்திருப்பது யார்?

நான் கொண்டுவருகிறேன் என்றேன். கோரிப்பாளையத்தில் பழைய சாமான் வாங்கி விற்கும் பாய் ஒருவரிடம் போனேன். இடித்த லாட்ஜ் ஒன்றின் சாமான்கள் அவரிடம் வந்திருந்தன.

"வட்டமா, வெள்ளையா, சீலிங்ல மாட்டுறது பாய்."

"அட, அதுவா? ஒரு மூட்டை கெடக்கு தங்கச்சி. ஏதோ லைட்டுன்னுல்ல நெனச்சேன். கரண்டு குடுத்தேன், எரியல. பட்டுன்னு ஒரு சத்தம்தான் வந்துச்சு."

"வீட்டுக் கரண்டா குடுத்தீங்க? அத இது தாங்காதே! எத்தனைக்குக் குடுத்தீங்க?"

"ஒண்ணுக்குத்தான். அதோட பயந்து விட்டுட்டேன்."

"நீங்க பயந்தது நல்லதாப் போச்சு பாய்."

அதே மாடல். கூரையில் இருக்கும் பழைய அடித்தட்டில் திருகினால் அப்படியே உட்காரும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரஷ் போட்டுத் தூசி தட்டி, ஒவ்வொன்றுக்கும் புகை காட்டி, பதில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன். புது ஒயர் இழுத்தேன். ரெசிஸ்டரை அது இருக்க வேண்டிய கடைசி டிடெக்டரில் வைத்தேன். கவர்களை அந்தப் பெண்களே கழற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும் முன்னால் சோதித்தோம். புகைக்கு வேறெதுவும் வேண்டாம், சாம்பிராணியே போடுங்கள் என்றேன். மணி அடித்தது. வாட்ச்மேன் சாவியோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"யாத்தாடி, இது இம்புட்டுச் சத்தமா அடிக்குமா?"

"நீங்க வந்த வேகத்துக்கு நாங்க கருகியிருப்போம் அண்ணே" என்றாள் அலங்காநல்லூர்ப் பெண்.

இனி சாம்பிராணியை மொட்டை மாடியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்குச் சாவி கேட்டேன். கொடுத்தீர்கள். அதை மறைக்க மாட்டேன்.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் மறுபடி வந்தேன். ஐந்தும் பச்சை. சந்தேகப்பட்டுத் திறந்தேன். அதே இடத்தில் ஒரு ரெசிஸ்டர் முறுக்கியிருந்தது. நான் இழுத்த ஒயர் நறுக்கிக் கிடந்தது.

"ஆடி முடியட்டும்மா, மாட்டிக்கலாம். கூட்ட நேரத்துல அடிச்சா யாரு பதில் சொல்றது?"

"கூட்டத்துக்குப் பதில் சொல்வீங்க. மேல இருக்கிறவுகளுக்கு?"

"ஒனக்கு வேலை குடுத்தது தப்பாப் போச்சு."

உங்கள் முன்னாலேயே அதைப் பிடுங்கினேன். ஒயரை இணைத்தேன். அதோடு என்னை வரவேண்டாம் என்றீர்கள். பிடுங்கிய ரெசிஸ்டர் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. இப்போது சர்வீசுக்கு ஓர் ஆணை வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி. அவரை மேலே விட மாட்டீர்கள். தீயணைப்பு அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். அங்கிருந்து வருகிறவரும் கீழே நின்று பச்சையைப் பார்த்துவிட்டுப் போனால் நான் என்ன செய்வது?

பழைய பேனல் என்று இனி பேசாதீர்கள். அது வேலை செய்கிறது. செய்ததால்தான் வெட்டினீர்கள்.

தினமும் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, சாமி கும்பிட வைத்து, மைக்கில் பேசுவீர்களே. நாளைக்கு அந்த மைக்கைப் பிடித்து, அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஐந்தாவது மாடி ஒயர் இணைந்திருக்கிறதா, இல்லையா?