நேத்து வரைக்கும் நல்லாதான் பாடிச்சு

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வரும் போன் கால்களில் பாதி, 'நேத்து வரைக்கும் நல்லாதான் பாடிச்சு' என்றுதான் ஆரம்பிக்கும்.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் ஏதோ சுற்றும், 'அணைத்துவிடாதீர்கள்' என்று மிரட்டும், டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் அப்டேட் முடிந்து எல்லாம் பளபளவென்று வந்து நிற்கும், பாட்டு மட்டும் வராது. நீங்கள் திட்டியிருப்பீர்கள். அந்தத் திட்டு அப்டேட் அனுப்பினவரிடம் போய்ச் சேராது. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் என்னிடம்தான் வந்து சேரும்.

கடை ஒன்று, மேஜை இரண்டு. ஒன்றில் நான், கோமதி, கம்ப்யூட்டர் பார்ப்பேன். இன்னொன்றில் சலீம் பாய். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், சவுண்ட் பாக்ஸ் பார்ப்பார். பாட்டு வரவில்லை என்று யார் வந்தாலும் நான் அவரைக் கை காட்டுவேன், அவர் என்னைக் கை காட்டுவார். வாடகையில் பாதி, பழியில் பாதி.

வாயில்லாத மானிட்டர்

பாஸ்கர் பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறார். பின்னால் மெல்லிசாக நாதஸ்வரம் கேட்காவிட்டால், முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஆவணி முகூர்த்தம் தொடங்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அப்டேட் ஆகி, நாதஸ்வரம் நின்றுவிட்டது. பாஸ்கர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் ஏணி போட்டு, சுவரில் ஓடிய வயரை எல்லாம் பிடுங்கிப் புதுசாக மாட்டினார். அப்புறம் ஸ்பீக்கர்கள் சலீம் பாயிடம் வந்தன. அவர் மேஜையில் குயில் மாதிரி பாடின. நம்பாமல் வேலூர் போய்ப் புது ஸ்பீக்கரே வாங்கி வந்தார் பாஸ்கர். அதுவும் ஊமை.

அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். கடையில் ஏணி இன்னும் நின்றுகொண்டிருந்தது, புடவை அடுக்குகளின் மேல் சுண்ணாம்புத் தூள். போய்ப் பார்த்தால், பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்டேட் ஆனபோது கம்ப்யூட்டர் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் மானிட்டருக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அந்த மானிட்டருக்குள் ஸ்பீக்கரே கிடையாது. திரையின் கீழ் ஓரத்தில் இருக்கும் சத்தக் குறியை அமுக்கி, 'ஸ்பீக்கர்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். நாதஸ்வரம் கடையை அதிர வைத்தது. பாஸ்கர் ஏணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் பட்ட பாட்டுக்கு, நீங்க ஒரு அரை மணி நேரமாச்சும் கஷ்டப்பட்டிருக்கலாம் மேடம்."

பழி ஓரிடம்

விசைத்தறி வைத்திருக்கும் முனுசாமி, தறி ஓடுகிற சத்தத்தையும் மீறிப் பாட்டு கேட்கிறவர். அப்டேட்டுக்குப் பிறகு அவருடைய ஸ்பீக்கர் ஒன்றில் கொரகொரப்பு வந்தது. நான் சத்தத்துக்கான டிரைவர் சாஃப்ட்வேரில் பழையதை ஏற்றினேன், புதுசை ஏற்றினேன், மறுபடி பழையதை ஏற்றினேன். மதியச் சாப்பாட்டு நேரமும் போய்விட்டது. கடைசியில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால், ஸ்பீக்கர் வயரை எலி கடித்து வைத்திருக்கிறது. வெட்டி ஒட்டினேன், கொரகொரப்பு போய்விட்டது. 'அப்டேட் மேல தப்பில்லைங்க, எலிதான்' என்று பல் தடத்தையே கையில் காட்டினேன். முனுசாமி அசையவில்லை.

"அப்டேட்டுக்கு முன்னாடியும் அந்த எலி இங்கதாங்க இருந்துச்சு."

மாப்பிள்ளை வரும் நேரம்

கல்யாண மண்டப மேனேஜர் ஜெயராமனுக்கு இன்னொரு தொழிலும் உண்டு: சாவு வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விடுவது. மண்டப ஆபீஸ் கம்ப்யூட்டரில் சுபகாரியப் பாட்டு ஒரு இடத்தில், ஒப்பாரி இன்னொரு இடத்தில் என்று ஒழுங்காகப் பிரித்துத்தான் வைத்திருந்தார். அப்டேட் வந்து பழைய பிளேயரைத் தூக்கிவிட்டுப் புதுசை உட்கார வைத்தது. அந்தப் புதுசு, கம்ப்யூட்டரில் இருந்த பாட்டை எல்லாம் வாரி, இங்கிலீஷ் எழுத்து வரிசையில் ஒரே குவியலாக அடுக்கிவிட்டது. 'பழைய பிளேயரைக் காணோம், வந்து பாருங்க' என்று அவர் கூப்பிட்டபோது நான் அடுத்த தெருவில் இருந்தேன். அன்றைக்கு மண்டபத்தில் நிச்சயதார்த்தம்.

நான் ஆபீசுக்குள் நுழையவும், வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது. ஜெயராமன் அவசரத்தில் 'நிச்சயம்' என்ற பாட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அது சின்னப் பாட்டு. முடிந்ததும் பிளேயர் தானாக அடுத்ததற்குப் போனது. இங்கிலீஷில் 'என்' எழுத்துக்கு அடுத்தது 'ஓ'. மண்டபத்தின் நாலு மூலையிலும் ஒப்பாரி எழுந்தது. நான் வயரைப் பிடுங்குவதற்குள் இரண்டு வரி அழுதாகிவிட்டது.

வாசலில் ஆரத்தித் தட்டு அப்படியே அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா காலைப் பின்னால் எடுத்தார். 'இது இன்னா சகுனம்? வண்டிய எடுக்கச் சொல்லு' என்றார். பெண்ணின் அப்பா கை கூப்பி நின்றார். நான் குறுக்கே போய், 'சார், இது சாஃப்ட்வேர் பிரச்சினை, எழுத்து வரிசையில...' என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் அப்பா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினேன். பெண் மட்டும் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்போதுதான், கனத்த பட்டுப் புடவையில் வேர்த்து வழிய நின்றிருந்த மாப்பிள்ளையின் அம்மா, வீட்டுக்காரரைத் தோளில் ஒரு இடி இடித்துவிட்டு முன்னால் வந்தார்.

"எனக்கு நல்ல மேளம் வெச்சுதான் கல்யாணம் பண்ணாங்க, என்னத்த வாழ்ந்துட்டேன்? நவுருங்க, பசிக்குது."

குரல் காணாமல் போன வீடு

தேசூரிலிருந்து சுமதியும் அவர் வீட்டுக்காரரும் ஒரு அரிசிச் சாக்கில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். ஆரணியில் சுமதிக்கு அம்மா வீடு. செய்யாறில் கம்பெனி வேலை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாராம். அப்டேட்டுக்குப் பிறகு மேளம் வருகிறது, வயலின் வருகிறது, பாடுகிறவர் குரல் மட்டும் இல்லை. 'ஆள் எழுந்து போன மாதிரி இருக்குதுங்க' என்றார் வீட்டுக்காரர். விஷயம் சின்னதுதான். புது டிரைவரோடு, பாடுகிறவர் குரலை அடக்கும் ஒரு வசதி வந்திருந்தது. இசையை மட்டும் ஓடவிட்டு, பாட்டை நாமே பாடிக்கொள்வதற்காக வைத்தது. அதில் தானாகவே டிக் விழுந்திருந்தது.

டிக்கை எடுத்தேன், குரல் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. சுமதிக்கு மலரவில்லை. விசாரித்தால், இத்தனை நாளும் குரல் இல்லாத இடத்தை எல்லாம் அவரே பாடி நிரப்பியிருக்கிறார். முதலில் வாய்க்குள், பிறகு அடுப்படியிலிருந்து, அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி. ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் பாட, தோழிகள் இறங்குகிற இடம் தாண்டிப் போகும்வரை விடவில்லையாம். அவர் என் மேஜையின் மேல் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பாட்டுக்காரங்களை அப்படியே வெளிய வெச்சுடுங்க மேடம், அவங்க இல்லாமலே நல்லாதான் இருந்துச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம்

தண்டபாணி அண்ணன், குமார் தம்பி. ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு, பேச்சையும் நிறுத்திவிட்டவர்கள். தண்டபாணி கம்ப்யூட்டரில் புடவை பார்டருக்கு டிசைன் போடுகிறவர். விடியற்காலையில் சாமி பாட்டைப் போட்டுவிட்டுத்தான் வேலையில் உட்காருவார். அவர் ஒரு நாள் போன் செய்தார். 'அப்டேட் ஆனதிலிருந்து பாட்டு ஓடுது, சத்தம் வரல. ஃபுல்லா வெச்சுப் பாத்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் எதனா வயரைக் கட் பண்ணியிருப்பானோன்னு எனக்கு டவுட்டு மேடம்.'

நான் கிளம்பும்போது குமார் கடைக்குள் வந்தார். கையில் துணி சுற்றிய சவுண்ட் பாக்ஸ், கண் முழுக்கத் தூக்கம். அதை சலீம் பாய் மேஜையில் வைத்தார். 'தானா பாடுது பாய். விடியக்காலையில அஞ்சு மணிக்கு, ஊரே எழுந்துக்கற மாதிரி சாமி பாட்டு. எங்க அண்ணன்தான் எதையோ பண்ணிகினு இருக்கான். பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது. இன்னொரு வாட்டி பாடிச்சுன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்.' சலீம் பாய் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முதல் தடவையாக இரண்டு பேரும் யாரையும் கை காட்டவில்லை.

தண்டபாணி வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சத்தம் போக வேண்டிய இடம் என்று அதில் இருந்தது, சலீம் பாய் மேஜையில் நான் பார்த்த அதே பாக்ஸின் பெயர். கேட்டதும், 'நாங்க சேந்து வாங்கினது' என்றார். 'பாகம் பிரிச்சப்போ கம்ப்யூட்டர் எனக்கு, பாக்ஸ் அவனுக்கு.' செத்துக் கிடந்த ப்ளூடூத்தை அப்டேட் எழுப்பிவிட்டிருக்கிறது. எழுந்ததும் அது பழைய சொந்தத்தைத் தேடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் சத்தம் வரவில்லையே என்று இவர் கூட்டக் கூட்ட, அந்தப் பக்கம் வீடு அதிர்ந்திருக்கிறது.

விளக்கிச் சொன்னதும் தண்டபாணிக்கு முகம் சுருங்கிவிட்டது. 'கொழந்த படிக்கற நேரத்துலயா? வேணும்னே பண்றேன்னு நெனச்சிருப்பானே' என்றார். 'நீங்களே போய்ச் சொல்லுங்களேன்' என்றேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'நீங்க சொல்லிடுங்க மேடம், நான் சொன்னா சண்டையாயிடும்' என்றார். கடைக்குத் திரும்பி, குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முகம் போன போக்கையும் சேர்த்துத்தான் சொன்னேன். 'இனிமே தொந்தரவு இருக்காது, அந்த இணைப்பை அடியோட எடுத்துடறேன்' என்றேன். அவர் பாக்ஸை மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அடியோடல்லாம் எடுக்க வேணாம் மேடம், அஞ்சு மணிக்குப் போடாம ஆறரைக்குப் போடச் சொல்லுங்க, போதும்."

மொத்தத்தில், பாட்டு ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரில் பார்த்தால் போதும், அது வந்த பிறகு யார் யாருக்கு எப்படிக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யத்தான் எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது.