அந்த நம்பருக்கு என்ன பெயர்?

வைதேகி காலமானார் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். அனுப்பியவர் வேறொரு குழுவில் பார்த்தாராம். அங்கே போட்டவருக்கு யாரோ ஃபோனில் சொன்னார்களாம். டாலிகஞ்சிலிருந்து ஆட்டோ மாறி டாக்குரியாவில் இருக்கும் அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அவர் கணவர் சீனிவாசன் என்னைக் கண்டதும், “நேர்ல வந்து பார்த்தாதான் நம்புவேள்னு தெரியும். அவ பழக்கிவிட்ட புத்தியாச்சே” என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவருடைய சந்தேகப் பார்வை உங்கள் மேலும் ஒருமுறையாவது விழுந்திருக்கும். கரியாஹாட் சந்தையில் மாம்பழக் கூடையில் ‘ஹிம்சாகர்’ என்று உயர்ந்த ரகத்தின் பெயரை எழுதி அட்டை செருகியிருந்தால், “அட்டை கடைக்காரன் எழுதினது. பழம் என்ன சொல்றதுன்னு பார்க்கணும்” என்று காம்பருகே முகர்ந்து பார்ப்பார். கூட நிற்கும் எனக்கு எரிச்சலாக இருக்கும். மௌமிதா விவகாரம் வரைக்கும்தான் அந்த எரிச்சல்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் மென்பொருளை நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். படிக்கும் பகுதியைக் கையால் எழுத வேண்டியதில்லை. எந்தத் துண்டு எங்கே வரலாம் என்கிற இலக்கணத்தைக் கொடுத்தால் அதை எழுதித் தருவதற்கென்றே ஒரு கருவி உண்டு. சொல், தேதி, கமா என்று ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் அது தானே ஒரு நம்பர் கொடுத்துவிடும். வெறும் நம்பர் யாருக்குப் புரியும்? எந்த நம்பருக்கு என்ன பெயர் என்று நாங்களே தனியாக ஓர் அட்டவணை தட்டி வைத்திருந்தோம்.

ஒருநாள் வாடிக்கையாளரிடம் மென்பொருள் நின்றுபோனது. ‘இங்கே கமா வரக்கூடாது’ என்றது பிழைச்செய்தி. விதிகளைத் தட்டியவள் மௌமிதா, இன்னும் வேலை நிரந்தரமாகாதவள். அவளுடைய கோப்பில் அந்த இடத்தில் கமாவே இல்லை. மாட்டிக்கொண்டதும் அழித்திருப்பாள் என்றார் மேலாளர். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. “ஆமி கோரினி, வைதேகிதி! நான் செய்யலை” என்று வங்காளத்தில் அவரை அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டு அவள் அழுதாள்.

வைதேகி சமாதானம் சொல்லவில்லை. அவளையும் அவர் நம்பவில்லை என்பதுதான் உண்மை. “வாடிக்கையாளர்கிட்ட இருக்கற கோப்பையே வாங்குங்கோ” என்றார். வந்தது. அதிலும் கமா இல்லை. ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் கமா என்றது.

“கமான்னு யார் சொன்னா? மிஷின் நம்பரைத்தான் சொல்லித்து. பேர் நாம வெச்சது.”

கருவி எழுதித் தந்த கோப்பைத் திறந்தார். அத்தனை நீளமானதை யாரும் திறப்பதே கிடையாது. நம்பரும் பெயருமாகக் கருவியின் சொந்தப் பட்டியல் அதற்குள் இருந்தது. அந்த நம்பருக்கு அங்கே இருந்த பெயர் சதவீதக் குறி. இலக்கணத்தின் நடுவில் யாரோ அதைப் புதிதாகச் சேர்க்கப்போய், அடுத்து வந்த நம்பர்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் போயிருந்தன. எங்கள் அட்டவணை மட்டும் பழைய பெயர்களையே சொல்லிக்கொண்டிருந்தது. மௌமிதா போட்ட சதவீதக் குறி சரியானதுதான். அது அங்கே வரலாம் என்று இலக்கணத்தில் சொல்லாமல் விட்டது நாங்கள்.

“சேர்த்தது யாரு?” என்றார் மேலாளர். மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தோம். வைதேகியின் பெயர் இருந்தது.

“எல்லாரையும் சந்தேகப்பட்டேன், என்னை விட்டுட்டேன்” என்றார் அவர். எல்லோர் முன்னாலும் மௌமிதாவிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் அட்டவணையை அன்றே தூக்கி எறிந்து, கருவியின் பட்டியலிலிருந்தே பெயரை எடுக்கும்படி மாற்றினார். மௌமிதாதான் இன்று அந்தக் குழுவை நடத்துகிறாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சந்தேகம்தான். எந்தப் பெயரைக் கண்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று போய்ப் பார்க்கிறேன்.

போன வாரம் ஃபோன் அடித்தது. திரையில் ‘வைதேகி’. காரியத்துக்கு அழைக்க சீனிவாசன்தான் அவர் ஃபோனிலிருந்து கூப்பிடுகிறார் என்று தெரியும். அந்த நம்பருக்கு அந்தப் பெயரைத் தட்டி வைத்ததும் நான்தான். ஆனாலும் எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை அந்தப் பெயரை நம்பிக்கொண்டிருந்தேன்.